முதல்தரம் தனியாப் போறதெண்டா கொழும்போ, சென்னையோ, கோலாலம்பூரோ?

இஞ்ச யாழ்ப்பாணத்தில இப்ப கன பிள்ளையள் என்னட்டக் கேக்கிற கேள்வி இதுதான். கம்பஸ் முடிச்சிருப்பினம், இல்லாட்டி வேலைக்குப் போய்க் கொஞ்சக் காசு சேத்திருப்பினம், ஒரு கிழமை லீவு எடுக்கலாம், தனியா ஒரு பெரிய சிட்டிக்குப் போகோணும், ஆனா எல்லாரும் நிண்டு போட்டோ எடுக்கிற இடங்களைச் சுத்திப்போட்டு வாறதில விருப்பம் இல்லை, அந்த ஊர்ச் சனம் எப்பிடிச் சீவிக்குது எண்டு பாக்கோணும். அப்ப எங்க போறது? எங்கட காசையும் பாஸ்போட்டையும் வச்சுப் பாத்தா மூண்டு வழி இருக்கு: கொழும்பு, சென்னை, அதுக்கங்கால கோலாலம்பூர் இல்லாட்டிச் சிங்கப்பூர்.

என்ர முடிவை முதலே சொல்லுறன். முதல் பயணம் கொழும்பு, ரெண்டாவது சென்னை, மற்றது பிறகு. கொழும்பு எண்டு சொன்ன உடன எல்லாரும், "அதென்னக்கா கொழும்பு, எத்தினை தரம் போயிருக்கிறம்" எண்டுதான் கேப்பினம். போயிருக்கிறம், சரி. எப்பிடிப் போயிருக்கிறம்? இரவு பஸ்ஸில ஏறிப் படுத்தா விடியக் காலமை வெள்ளவத்தையில இறக்கிவிடும், அங்க பெரியம்மா வீடோ மாமி வீடோ இருக்கும், குளிச்சிட்டு வீசா இன்டர்வியூவுக்கோ மெடிக்கலுக்கோ சோதினைக்கோ ஓடுறது, இல்லாட்டி ஆரையும் கட்டுநாயக்கா எயார்போட்டில ஏத்திவிடப் போறது, பின்னேரம் காலிமுகத்திடலில இறால் வடை, அடுத்த நாள் திரும்ப பஸ். நாங்கள் கொழும்புக்குப் போறது அலுவலுக்கு. காலி வீதியில வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில உள்ள அந்தத் துண்டைத் தவிர மிச்சக் கொழும்பு எங்களுக்குத் தெரியாது, தெரியாதெண்டதும் எங்களுக்குத் தெரியேல்ல.

ஒப்பிட முதல் ஒண்டு யோசியுங்கோ. சுற்றுலா இடங்களை விட்டிட்டு ஒரு ஊரைப் பாக்கிறதெண்டா செய்யவேண்டியது என்ன? ஒரு ஏரியாவைப் பிடிச்சு அதுக்குள்ளயே நாலைஞ்சு நாள் நிக்கோணும், ஒரே தேத்தண்ணிக் கடைக்கு ரெண்டு மூண்டு தரம் போகோணும், ஒரு பஸ்ஸில கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வரோணும், வழி தெரியாம ஆரையாவது கேக்கோணும். இந்தக் கடைசி விசயம்தான் எனக்கு முக்கியம். ஆக்களோட கதைச்சே ஆகவேண்டிய ஊர்தான் முதல் பயணத்துக்கு நல்ல ஊர். போனைப் பாத்து, கார்டைத் தட்டி, ஒருத்தரோடயும் வாய் திறக்காம ஒரு கிழமையைக் கழிச்சிட்டு வரக்கூடிய ஊருக்கு முதல் போனீங்களெண்டா தனிய இருந்ததுதான் மிஞ்சும்.

கொழும்பில நான் முதல் அனுப்புறது புறக்கோட்டைக்கு. சாமான் வாங்க இல்லை, நடக்க. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு யாவாரம், முதலாம் குறுக்குத் தெருவில எலக்ட்ரிக் எலக்ட்ரோனிக் சாமான், செட்டியார் தெரு முழுக்க நகைக்கடை, நடுவில பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும், ஆடிவேல் திருவிழாவுக்குத் தேர் வெளிக்கிடுறது இங்க இருந்துதான். கெபோஸ் லேனுக்குள்ள போனா மூலிகை மணம் மூக்கில அடிக்கும், சாக்குச் சாக்கா வேர், பட்டை, காய்ஞ்ச பூ, நாட்டு வைத்தியர் எழுதிக் குடுத்த துண்டோட சிங்களச் சனமும் தமிழ்ச் சனமும் முஸ்லிம் சனமும் ஒரே கடையில நிக்கும். அஞ்சாம் குறுக்குத் தெருப் பக்கம் வெங்காயமும் செத்தல் மிளகாயும், தும்மாம அந்தத் தெருவைக் கடக்க ஏலாது. மூட்டை தூக்கிற நாட்டாமைமார் தள்ளுவண்டியில மூட்டையை அடுக்கிக்கொண்டு கத்திக்கொண்டு வருவினம், நீங்கள்தான் ஒதுங்கோணும், அவை நிப்பாட்ட மாட்டினம், நிப்பாட்டினா திரும்பத் தள்ளுறது எவ்வளவு கஸ்டம் எண்டு அந்த வண்டியைப் பாத்தாலே விளங்கும். சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலை எல்லாரும் போட்டோ எடுப்பினம், 1909 இல கட்டி முடிச்சது, வடிவுதான், ஆனா அதுக்கு முன்னால நிண்டிட்டுத் திரும்பிப் போற ஆக்கள் அடுத்த ரெண்டு தெருவைப் பாக்காமப் போயிடுவினம். காலமை பத்துக்குப் பிறகு போங்கோ, ஞாயிறும் பௌர்ணமிப் போயா லீவும் வேண்டாம், கன கடை பூட்டு.

அங்க இருந்து கொட்டாஞ்சேனைப் பக்கம் மேட்டில ஏறினா உல்வெண்டால் தேவாலயம். இதைப்பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லோணும், ஏனெண்டா எங்கட ஆக்களுக்கு இது வேற மாதிரிப் படும். எங்கட யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ள 1706 இல ஒல்லாந்தர் கட்டின தேவாலயம் ஒண்டு இருந்தது, சிலுவை வடிவத்தில, யுத்தத்தில இடிஞ்சு போச்சு, இப்ப போனா கல்லுக் குவியலும் அடித்தளமும்தான். என்ர வயசு ஆக்களுக்கே அது நிண்ட கோலம் தெரியாது. உல்வெண்டால் 1757 இல திறந்தது, அதே ஒல்லாந்தர், அதே சிலுவை வடிவம், தடிச்ச சுவர், நிலம் முழுக்க எழுத்து வெட்டின கல்லறைக் கல்லுகள், பழைய கதிரையள். உள்ளுக்க போய் இருந்து மேல அண்ணாந்து பாருங்கோ. எங்கட கோட்டைக்குள்ள என்ன இருந்தது எண்டு அப்பதான் விளங்கும். யாழ்ப்பாணத்து ஆளுக்கு இதைவிடப் பெரிய காரணம் வேணுமோ கொழும்புக்குப் போக?

கொம்பனித்தெருவுக்கும் போங்கோ, கெதியாப் போங்கோ, ஏனெண்டா பழைய வீடுகளை இடிச்சு மாடி மாடியாக் கட்டுறாங்கள். ஒல்லாந்தர் காலத்தில ஜாவாப் பக்கத்தில இருந்து கொண்டுவந்த மலாய்க்காரற்ற பரம்பரை இன்னும் அங்க இருக்கு, பிட்டோட பபத் எண்டு மாட்டுக் குடல் கறி சாப்பிடுவினம். பிட்டு எங்கட சாப்பாடு எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிற எங்களுக்கு அந்தத் தட்டு ஒரு புதினம். மாடு சாப்பிடாத ஆக்கள் சும்மா தெருவை நடந்து பாத்தாலும் காணும், ஒரே ஒழுங்கைச் சுத்தில முருகன் கோயிலும் பள்ளியும் விகாரையும் வரும்.

பிறகு கரையோர ரெயின். கோட்டையில ஏறினா கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை எண்டு கடலுக்குப் பக்கத்தாலயே ஓடும், மூண்டாம் வகுப்பு ரிக்கெட் ஒரு தேத்தண்ணிக் காசு கூட வராது. ஒப்பிஸ் விடுற நேரம் ஏறினா மூச்சு விட ஏலாது, பகல் பதினொண்டு மட்டில ஏறுங்கோ. பஸ்ஸெண்டா 138, புறக்கோட்டையில இருந்து நுகேகொட தாண்டி மகரகம, ஹோமாகமப் பக்கம் போறது. நுகேகொடச் சந்தையில இறங்கி ஒரு ரெண்டு மணித்தியாலம் மினக்கெடுங்கோ, வெளிநாட்டுக்காரர் ஒருத்தரையும் காணமாட்டியள், நடுத்தரச் சிங்களக் குடும்பங்கள் பின்னேரத்தில என்ன வாங்குது, என்ன சாப்பிடுது, பிள்ளையளை எந்த ரியூசனுக்கு விடுது எண்டது முழுக்க அங்க தெரியும். எங்களுக்கும் அவைக்கும் ரியூசன் விசரில ஒரு வித்தியாசமும் இல்லை.

சிங்களம் தெரியாதே எண்டு பயப்பிடுவியள். அதுக்குத்தான் கொழும்பு எண்டு சொல்லுறன். "கொட்டுவட்ட யனவாத" (கோட்டைக்குப் போகுமோ) எண்டு கேட்டா கண்டக்டர் தலையாட்டுவார், "கீயத" எண்டு கேட்டா விலை சொல்லுவினம், இறங்கிற இடம் வர "பஹினவா" எண்டு சத்தம் போட்டா பஸ் நிக்கும், இந்த மூண்டோடயும் நாலு நாள் ஓட்டலாம். பிழையாச் சொன்னாலும் சொல்லிப் பாக்கிற ஆளை ஒருத்தரும் விரட்டினதை நான் காணேல்ல. புறக்கோட்டையில பாதிப் பேருக்குத் தமிழ் வரும், அந்தரப்படத் தேவையில்லை. சொந்த நாட்டுப் பெரிய சிட்டியில பஸ் கேக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு ஓட்டோ பிடிக்கிற பழக்கம் எங்கட தலைமுறையோட முடியோணும் எண்டு எனக்கு உண்மையான ஆசை.

கொழும்பில இருக்கிற ஒரே பெரிய சிக்கல் எங்கட வீட்டு ஆக்கள். "சொந்தக்காரர் இருக்கேக்க ஏன் ரூம்?" எண்டு கேப்பினம். அதை வெறும் கட்டுப்பாடு எண்டு நினைக்காதேங்கோ. அம்மா அப்பாவுக்குக் கொழும்பு லொட்ஜ் எண்டா ஞாபகம் வாறது செக்பொயின்ற், பொலிஸ் பதிவு, இரவு தேடுதல். 2007 ஜூனில லொட்ஜுகளில தங்கியிருந்த தமிழ் ஆக்களைப் பஸ்ஸில ஏத்தி வவுனியாவுக்கு அனுப்பினது, பிறகு உச்ச நீதிமன்றம் அதை நிப்பாட்டச் சொன்னது. அதைப் பாத்த ஆக்கள் பயப்பிடத்தான் செய்வினம். அவையோட சண்டை பிடிக்காம முதல் ஒரு நாள் மாமி வீட்டில நிண்டிட்டு, பிறகு கொட்டாஞ்சேனையிலயோ கொள்ளுப்பிட்டியிலயோ ரூம் எடுங்கோ, அட்ரஸைக் குடுங்கோ, இரவில ஒருக்கா கோல் எடுங்கோ. முழுக்க மாமி வீட்டில நிக்க வேண்டாம் எண்டு நான் அடிச்சுச் சொல்லுறன், மாமி பாவம் சமைச்சு வச்சுக்கொண்டு இருப்பா, நீங்கள் ஒரு மணிக்குத் திரும்போணும், நாள் ரெண்டாப் பிரிஞ்சு போயிடும்.

சரி, சென்னை. இப்ப போறது லேசு. பலாலி எயார்போட் 2019 ஒக்டோபரில திறந்து, கொரோனாவோட சென்னை பிளைட் நிண்டு, 2022 டிசம்பரில திரும்பத் தொடங்கினது, ஏறி ஒண்டேகால் மணித்தியாலத்தில சென்னையில இறங்கிவிடலாம், கொழும்புக்குப் பஸ்ஸில போறதைவிடக் கெதி. காங்கேசன்துறையில இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் இருக்கு, 2023 ஒக்டோபரில தொடங்கி இடையில நிண்டு 2024 ஓகஸ்டில திரும்ப வந்தது, மாரியில ஓடாது, அதைவிட நாகபட்டினத்தில இருந்து சென்னை இன்னும் தூரம். கடல் பாக்கிற ஆசைக்குப் போகலாம், ஒரு கிழமை லீவுக்கு நான் சொல்லமாட்டன்.

சென்னையின்ர பிரச்சினையும் கொழும்பின்ர பிரச்சினை மாதிரித்தான். கலியாணச் சாமான் வாங்கிற ஊர் எண்டுதான் எங்கட ஆக்கள் அதைப் பழகி வச்சிருக்கினம். தி.நகர் ரங்கநாதன் தெரு, வடபழனி கோயில், மெரினா, வளசரவாக்கத்தில ஒரு சொந்தக்கார வீடு, திரும்ப பிளைட். மொழி ஒண்டு எண்டதால ஊர் தெரிஞ்ச மாதிரி ஒரு நினைப்பு வேற. எங்கட தமிழைக் கேட்டுப்போட்டு "நீங்க கேரளாவா?" எண்டு ஓட்டோக்காரர் கேக்கேக்கதான் தெரியும் நாங்கள் அங்க எவ்வளவு வெளியாக்கள் எண்டு.

ஆனா வாசிக்கிற பிள்ளையளுக்குச் சென்னைக்கு நிகர் இல்லை, அதை ஒத்துக்கொள்ளுறன். பாரிஸ் எண்டு சொல்லுற பாரிமுனைப் பக்கம் இறங்கித் தங்கசாலைத் தெருவால நடவுங்கோ. இப்ப அது சௌகார்பேட்டைச் சேட்டுமாரின்ர கடையும் இனிப்பும் சாட்டும். நல்லூர் ஆறுமுக நாவலர் அச்சுக்கூடம் நடத்தின தெரு அது, எங்கட வீடுகளில கிடக்கிற பழைய சைவப் புத்தகங்களின்ர முதல் பக்கத்தைத் திறந்தா சென்னபட்டணம் வித்தியாநுபாலன யந்திரசாலை எண்டு கிடக்கும். சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளைதான் சென்னைப் பல்கலைக்கழகத்தின்ர முதல் பட்டதாரியளில ஒராள். இப்பிடி எங்கட ஊர்ச் சரித்திரத்தில பாதி அந்த நெரிசலுக்குள்ள கிடக்கு, ஒரு பலகையும் காட்டாது, தெரிஞ்சுகொண்டு போனாத்தான் உண்டு. தரமணியில ரோஜா முத்தையா நூலகம், எழும்பூரில கன்னிமாரா, கோட்டூர்புரத்தில அண்ணா நூற்றாண்டு நூலகம். 1981 இல லைபிரரி எரிஞ்ச ஊரில பிறந்து வளந்த ஆள் அந்தப் பழைய அச்சுப் புத்தகங்களைப் பாக்கேக்க நெஞ்சுக்குள்ள என்ன செய்யும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

சாப்பாட்டுக்குப் பீச் ஸ்டேசனுக்கு முன்னால போங்கோ, பின்னேரத்தில. பர்மாவில இருந்து திரும்பி வந்த தமிழ்ச் சனம் கொண்டுவந்த அத்தோ அங்க தெருவில விக்கினம். மஞ்சள் நூடில்ஸை ஒரு பெரிய கிண்ணத்தில போட்டு, கோவா, வெங்காயம், புளி, பொரிச்ச உள்ளி, மிளகாய்த்தூள் எல்லாம் கையால பிசைஞ்சு தருவினம், பக்கத்தில வாழைத்தண்டு சூப். ஒரு வாய் புளிப்பு, அடுத்த வாய் உறைப்பு, இடையில அந்தச் சூடான சூப், நிண்டு கொண்டே சாப்பிடுறது. அடுத்த நாள் விடிய எழும்பிக் காசிமேட்டுக்குப் போய் மீன் ஏலம் பாருங்கோ, பாசையூர், குருநகர் ஆக்களுக்குப் பாஷையே மொழிபெயர்க்கத் தேவையில்லை, எந்த மீனுக்கு எவ்வளவு கேக்கிறாங்கள் எண்டு கையைப் பாத்தே விளங்கும். பக்கத்தில ராயபுரம் ஸ்டேசன், தென்னிந்தியாவின்ர முதல் பயணிகள் ரெயின் 1856 இல வெளிக்கிட்ட இடம், இண்டைக்கும் நிக்குது.

கஸ்டங்களும் இருக்கு. வீசா வேணும், இ-வீசா ஒன்லைனில போடலாம், எண்டாலும் ஒரு வேலைதான். நாங்கள் வெளிநாட்டுக்காரர் எண்டபடியா ஹோட்டல்காரர் எங்கட விபரத்தை ஒரு படிவத்தில பதிஞ்சு அரசாங்கத்துக்கு அனுப்போணும், அந்தக் கரைச்சலுக்காகச் சின்ன லொட்ஜுகள் ரூம் இல்லை எண்டு சொல்லிவிடும், அதால புக் பண்ண முதலே இலங்கைப் பாஸ்போட் எண்டு சொல்லிக் கேளுங்கோ. பூக்காரி வரைக்கும் அங்க போனில கியூஆர் அடிச்சுத்தான் காசு, எங்கட வங்கி ஆப் அங்க சரிவராது, சில்லறை நோட்டு நிறைய வச்சிருங்கோ. ஏப்ரல், மே வெயிலில நடக்கவே ஏலாது, ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை மழை. ஜனவரிதான் திறம், புத்தகக் கண்காட்சியும் அப்பத்தான், சங்கீத சபாக்களில கச்சேரியும் முழுக்க முடிஞ்சிருக்காது.

பொம்பிளைப் பிள்ளையளுக்கு எது நல்லம் எண்டு தனியாச் சொல்லோணும். பஸ், ரெயின் விசயத்தில சென்னை ஒரு படி மேல: லோக்கல் ரெயினில பொம்பிளையளுக்குத் தனிப் பெட்டி, பஸ்ஸில தனி சீற், சாதாரணக் கட்டண பஸ்ஸில 2021 இல இருந்து பொம்பிளையளுக்குக் காசே இல்லை. கொழும்பு பஸ்ஸில நெரிசலுக்குள்ள கரைச்சல் குடுக்கிற ஆக்கள் இருக்கிறாங்கள், சத்தம் போட்டுக் கேட்டா மற்ற ஆக்கள் துணைக்கு வருவினம், வாயை மூடிக்கொண்டு நிக்காதேங்கோ. ஆனா ரூம் எடுக்கிறதில கொழும்பு லேசு. சென்னையில தனிய வந்த பொம்பிளை எண்டதும் ஏன் வந்தனீங்கள், ஆரோட வந்தனீங்கள் எண்டு கேள்வி வரும், திருவல்லிக்கேணியில மேன்சன் எண்டு சொல்லுற மலிவு லொட்ஜுகள் எல்லாம் ஆம்பிளையளுக்குத்தான், அந்த விலையில எங்களுக்கு ஒண்டும் இல்லை. ரெண்டு ஊரிலயும் இருட்டினாப் பிறகு புறக்கோட்டை, பாரிஸ் மாதிரிக் கடைத்தெருக்களில நடக்க வேண்டாம், கடை பூட்டினாச் சனம் இல்லை, அவ்வளவுதான் காரணம். ஆப்பில ஓட்டோ பிடிச்சு ரூமுக்குப் போங்கோ.

கோலாலம்பூர், சிங்கப்பூர் பற்றிச் சுருக்கமாச் சொல்லுறன். சிங்கப்பூருக்கு எங்களுக்கு 30 நாள் வரைக்கும் வீசா தேவையில்லை, மலேசியாவுக்கு எடுக்கோணும். ரெண்டிலயும் எங்கட ஆக்களின்ர பழைய தடம் இருக்கு. பிரிட்டிஷ்காரன் காலத்தில ரெயில்வேக்கும் கிளறிக்கல் வேலைக்கும் இஞ்ச இருந்து போன ஆக்களின்ர காசிலதான் எங்கட ஊர்களில கன கல்வீடு எழும்பினது, மலாயன் பென்சன்காரர் எண்டா பழைய ஆக்களுக்குத் தெரியும். கோலாலம்பூரில பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், ஸ்கொட் ரோட்டுக் கந்தசாமி கோயில், சிங்கப்பூரில சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயில், எல்லாம் அவை கட்டின உலகம். தாத்தா ஆரும் அங்க வேலை செய்திருந்தா, ஒரு பழைய கடிதமோ அட்ரஸோ வீட்டில கிடந்தா, நான் சொன்ன ஒழுங்கை விட்டிட்டு நேர அங்க போங்கோ, அதைவிட நல்ல காரணம் கிடையாது.

அப்பிடி ஒண்டும் இல்லையெண்டா மூண்டாவதா வைக்கச் சொல்லுறன். காசும் ஒரு காரணம், சிங்கப்பூரில ஒரு இரவு ரூம் காசுக்குக் கொழும்பில கன நாள் இருக்கலாம். முக்கியமான காரணம் நான் மேல சொன்னதுதான்: எம்ஆர்டி ரெயின், கார்டு, இங்கிலீஷ் போட், எல்லாம் தானா நடக்கும், ஒருத்தரையும் ஒண்டும் கேக்கத் தேவையில்லை. தனிய திரிஞ்சு பழகின ஆளெண்டா ஹோக்கர் சென்ரர் எண்ட சாப்பாட்டுக் கடைத்தொகுதியில ஒரு மேசையில இருந்துகொண்டு பக்கத்து ஆளோட கதைச்சிடுவார், புலாவ் உபின் தீவுக்குப் படகில ஆள் சேரும் வரைக்கும் காத்திருந்து போவார். முதல்தரம் போற ஆள் மாலுக்குள்ள போயிடும்.

ஆகவே, ஒரு கிழமை லீவும் குறைஞ்ச காசும் எண்டா கொழும்பு. பாஸ்போட் கையில இருக்கு, புத்தகமும் சங்கீதமும்தான் விருப்பம், ஜனவரியில லீவு கிடைக்கும் எண்டா கொழும்பைத் தாண்டிச் சென்னைக்கே போகலாம், நான் மறிக்கமாட்டன். இன்னும் யோசிச்சுக்கொண்டிருக்கிற ஆக்கள் முதல் கொழும்புக்கு ஒரு நாலு நாள் போட்டுப் பாருங்கோ. இரவு பஸ் வேண்டாம், பகல் ரெயினில போங்கோ, ஜன்னல் சீற்றை முதலே புக் பண்ணுங்கோ, கோட்டை ஸ்டேசனில இறங்கினா புறக்கோட்டை நடக்கிற தூரம். ஏப்ரல் சித்திரை வருசக் கிழமையில மட்டும் போகாதேங்கோ, சிட்டி முழுக்க ஊருக்குப் போயிடும், கடை ஒண்டும் திறக்காது.